தலைகீழ் கிட்டார்

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893-ல் பிறந்த எலிசபெத் காட்டன் ஓர் இடக்கைக்காரர். கிட்டாரின் தந்திகளை மாற்றிக் கட்டாமல், அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். மெட்டைக் கட்டைவிரல் மீட்டும்!

‘ஃபிரெய்ட் டிரெயின்’ பாடலைச் சிறுமியாகவே இயற்றிவிட்டார். பிறகு கல்யாணம், குழந்தை, தேவாலயம். கிட்டார் பல ஆண்டுகள் மூலையில் கிடந்தது.

வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, தாயைத் தவறவிட்ட சிறுமியைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அவள் இசை அறிஞர் சீகர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டிலேயே வேலையும் கிடைத்தது. அங்கிருந்த கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசிக்க, வீடே அசந்துபோனது.

1957-ல் அவருடைய ‘ஃபிரெய்ட் டிரெயின்’ இங்கிலாந்தில் வேறு ஆட்களின் பெயரில் வெற்றி பெற்றது. பாட்டின் உரிமை பிறகுதான் அவருக்கு வந்தது. முதல் இசைத்தட்டு 1958-ல். கிராமி விருது? 1985-ல், தொண்ணூறு வயதைத் தாண்டி!