பாடசாலைக் கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும்?

(எருக்கலம்பிட்டியில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட ஊர் இது. திரும்பி வரும் குடும்பங்கள் வீட்டையும் கிணற்றையும் விசாரித்த கையோடு பாடசாலையைக் கேட்கின்றன. புதுக் கட்டடம் என்றதும் எத்தனை மாடி, எப்போது திறப்பு விழா என்றே பேச்சுப் போகிறது. எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. அத்திவாரம் போட்டபின் அதை மாற்ற முடியாது.

வழக்கமாகத் தெருவைப் பார்த்துக் கட்டிவிடுவார்கள். வேண்டாம். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். காலை வெயிலும் பின்னேர வெயிலும் சாய்ந்து வந்து கிழக்கு, மேற்குச் சுவர்களைத்தான் சுடவைக்கும். அந்தச் சுவர்கள் குட்டையாகவும் யன்னல் இல்லாமலும் இருந்தால் உள்ளே வெக்கை குறையும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தைப் பற்றிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது தெற்கு யன்னலால் புகுந்து வெளியேற வடக்கிலும் யன்னல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் காற்று ஓடாது. இப்படிக் கட்டினால் பகலில் மின்குமிழ் தேவைப்படாது. விசிறியும் குறைவாகத்தான் சுழலும். மாதாமாதம் வரும் மின்கட்டணமும் குறையும். வாடை மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் வடக்கில் அகலமான விறாந்தை போடுங்கள்.

கூரைக்கு ஓடு நல்லது. பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கூரைக்குப் பீலி பூட்டுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்துவது போக 800 லீற்றராவது தொட்டிக்கு வரும். நம் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலேதான் நிற்கிறது. பம்பி வைத்து அதிகம் இழுத்தால் உவராகிவிடும்.

தெற்கே கிரிந்தவில், 2004 சுனாமிக்குப் பின் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த வீடுகள் அழுத்திய மண்கல்லால் எழுந்தன. அந்தக் கல்லுக்குச் சூளையும் விறகும் வேண்டாம். ஆனால் இங்கே இருப்பது மணல். களி கலந்த மண் தீவுக்கு வெளியே இருந்து வர வேண்டும். ஏற்றுக்கூலியைக் கேட்டபின் முடிவெடுங்கள். அந்த வீடுகளில் அறைகளுக்கு நடுவே காற்றோடும் கூரையிட்ட முற்றம் ஒன்று உண்டு. அதை எங்கும் செய்யலாம். கடல் மணலைக் கொங்கிறீற்றில் கலக்க மட்டும் விடாதீர்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

கயிறு பிடித்து அளக்கும் நாளில் அதிபரோடு நாலு பேர் போய் நில்லுங்கள். வரைபடத்தில் வடக்கு எது என்று கேட்டு, தரையில் காட்டச் சொல்லுங்கள். கிப்லாவைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கந்தான் ஏறக்குறைய வடக்கு.