நாய் தண்ணீரை அதிகமாகக் குடித்தால் சும்மா விடலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஆடு வளர்க்கும் உறுப்பினர்கள் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆட்டைப் பத்தியும் மாட்டைப் பத்தியும் இந்தக் கூட்டத்தில் நிறைய பேசியிருக்கிறோம். நாயைப் பத்தி ஒரு தடவைகூடப் பேசினதில்லை. ஆனா கொட்டகையைக் காவல் காக்கிறது யாரு? நாம கடன் வாங்கி வாங்கின ஆட்டை ராத்திரியெல்லாம் பாத்துக்கிறது யாரு? அதனாலதான் இன்னைக்கு அதைப் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் ஆட்டுக் கொட்டகையில் கறுப்பி என்று ஒரு பெண் நாய் இருந்தது. ஒரு சித்திரை மாதம், திடீரென்று தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வச்ச சோத்தைத் தொடவில்லை. "வெயில் காலம், குடிக்கட்டும்" என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். கர்ப்பப்பை முழுக்கச் சீழ் என்றார். நாலு நாள் முன்னாடி வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம் என்றார். அன்று இரவே போய்விட்டது. அந்த மாசமே கொட்டகையில் ரெண்டு குட்டி காணாமப் போச்சு. அந்த ஒரு வாரம் நாங்கள் செய்த தப்பு உங்களுக்கு வரக்கூடாது.

எவ்வளவு குடித்தால் அதிகம்? நல்ல நாய் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி குடிக்கும். 10 கிலோ நாய் என்றால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. அதே நாய் 1 லிட்டருக்கு மேல் தினமும் குடித்தால் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். லிட்டர் பாட்டிலால் அளந்து காலையில் ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். வாய்க்காலில் போய்க் குடிக்காதபடி அந்த ஒரு நாள் மட்டும் கட்டி வையுங்கள்.

எல்லாத் தாகமும் நோய் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் வெயிலில் கூடுதலாகக் குடிக்கும். கருவாட்டுக் குழம்பு ஊற்றின சோறு, ஊறுகாய் மிச்சம் போட்டாலும் குடிக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் குடிக்கும். அரிப்புக்குப் போடும் சில ஊசி மாத்திரைகளாலும் தாகம் வரும். இது எதுவும் இல்லாமல், நிழலில் படுத்திருக்கும்போதும் ரெண்டு மூணு நாளாகக் குடித்துக்கொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்போது என்னவாக இருக்கலாம்?

சர்க்கரை நோய்: ஆமாம், நாய்க்கும் வரும். நிறைய சாப்பிடும், ஆனாலும் இளைக்கும். சிறுநீர் அடிக்கடி போகும். கண்ணில் வெள்ளை விழலாம். இன்சுலின் ஊசியால் பல வருஷம் காப்பாற்றலாம்.

சிறுநீரகக் கோளாறு: வயதான நாய்க்கு அதிகம் வரும். வாய் நாறும், வாந்தி எடுக்கும். தாகம் நம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் சிறுநீரகத்தின் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். அதனால் தள்ளிப்போடக் கூடாது.

கர்ப்பப்பையில் சீழ்: எங்கள் கறுப்பிக்கு வந்தது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பருவம் வந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் வரும். சீழ் வெளியே வந்தாலும் வரும், வராமலும் இருக்கும். வராமல் அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து அதிகம். கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பயம் அனேகமாக இல்லை.

எலிக்காய்ச்சல்: இதைக் கவனமாகக் கேளுங்கள், இது நமக்கும் வரும். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் வழியாகப் பரவுகிற கிருமி. நாய்க்கு வந்தால் காய்ச்சல், வாந்தி, தாகம், கண் மஞ்சளாவது எல்லாம் இருக்கும். அதன் சிறுநீரிலும் கிருமி இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் மணிக்கணக்காகச் சேற்றில் நிற்கிறவர்கள் நாம்தான். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே அது வழியாக உள்ளே போகும். நோய்வாய்ப்பட்ட நாயின் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள். அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். வயல் வேலைக்குப் பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "சேற்றில் வேலை செய்தேன், வீட்டில் நாய்க்கும் உடம்பு சரியில்லை" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு விஷயம் புரியும். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் குணமாகும்.

எலி மருந்து: வயலில் வைத்த மருந்தைத் தின்று செத்த எலியை நாய் தின்றுவிடும். தவிக்கும், வாந்தி எடுக்கும். கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நம் பக்கத்தில் மூங்கிலில் செய்கிற தஞ்சாவூர்க் கிட்டி இருக்கவே இருக்கிறது. அதை வைத்தால் எலியும் பிடிபடும், நாயும் பிழைக்கும்.

இன்னொரு பெரிய தவறான எண்ணம். "தண்ணி குடிக்குது, அதனால வெறி இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுவது அந்த நோய் வந்த மனிதர்கள்தான். வெறிநாய் தண்ணீர்கிட்டப் போகும், குடிக்கவும் முயலும். தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். எலும்பு சிக்கியிருக்கு என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊசி இலவசம். எத்தனை தடவை வரச் சொல்கிறார்களோ அத்தனை தடவையும் போடுங்கள்.

நாய் நிறைய குடிக்கிறதே என்று தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பல நோயில் சிறுநீர் அதிகமாகப் போவதால்தான் தாகமே எடுக்கிறது. தண்ணீரையும் நிறுத்தினால் ஒரு நாளிலேயே நாய் துவண்டுவிடும்.

டாக்டரிடம் போகும்போது நாலு விஷயம் தயாராக இருக்கட்டும்: எத்தனை நாளாகத் தாகம், எவ்வளவு குடிக்கிறது, பெண் நாய் என்றால் பருவம் எப்போது வந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள். முடிந்தால் காலைச் சிறுநீரைக் கையுறை போட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முடியாது என்றால், 2012-ல் தொடங்கிய ஒரத்தநாடு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. வண்டி வசதி இல்லாதவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்டுப் பாருங்கள்.

சகோதரிகளே, இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். யார் வீட்டில் நாய் இருக்கிறது என்று எழுதி, வெறிநாய்த் தடுப்பூசியையும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் வருஷா வருஷம் எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போட்டுவிடலாம். பெண் நாய்களின் கருத்தடைக்கும் சேர்ந்தே போகலாம். தனியாகப் போனால் தள்ளிப்போகும், குழுவாகப் போனால் வேலை முடியும். இது நமக்குத் தெரியாததா?

கறுப்பி இடத்தில் இப்போது ஒரு குட்டி வளர்கிறது. அதன் தண்ணீர்ச் சட்டியை தினமும் காலையில் எட்டிப் பார்க்கிறோம். நீங்களும் பாருங்கள்.