அரசன் போனான், அவன் பிடித்த நிலம்?



இரண்டு ஜூலை மாதங்களைப் பற்றி முல்லைத்தீவின் இந்த நாயாற்றில் பேச வந்திருக்கிறேன். ஒன்று 1830ஆம் ஆண்டு ஜூலை, பரிஸ் நகரம். மற்றது 2022ஆம் ஆண்டு ஜூலை, கொழும்பு. முதலாவதில் பத்தாம் சார்ல்ஸ் என்ற பிரெஞ்சு மன்னன் மூன்றே நாள் தெருச்சண்டையில் முடி இழந்தான். இரண்டாவதில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாளிகையைச் சனத்திடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார். இரண்டும் மக்கள் வெற்றிகள்தான். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் விரட்டப்பட்ட இருவருக்கும் பின்னால் ஒரு போர் வெற்றி இருந்தது, அந்த வெற்றிக்குக் கீழே ஒரு நிலமும் அதன் சனமும் கிடந்தார்கள். அரசனை விரட்டியவர்கள் அந்த நிலத்தை என்ன செய்தார்கள் என்று கேட்காமல் எந்த எழுச்சியின் கணக்கையும் முடிக்க முடியாது. அதைத்தான் இன்று கேட்கப்போகிறேன்.

பரிஸ் கதை முதலில். 1789 பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். 1830 பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. பத்தாம் சார்ல்ஸ், 1793இல் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயியின் தம்பி. 1824இல் அரசுக்கு வந்தான். அண்ணன் தலை போன காரணத்தை அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. புரட்சிக்குப் பயந்து ஓடிய பிரபுக்களுக்கு இழப்பீடாக ஏறத்தாழ நூறு கோடி பிராங் கொடுக்க 1825இல் சட்டம் செய்தான். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் விளைச்சல் பிழைத்தது, பாண் விலை ஏறியது, பட்டறைகளில் வேலை இல்லாமற் போனது. 1830 மார்ச்சில் சபையின் 221 உறுப்பினர்கள் மன்னனின் அமைச்சர்களில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மன்னன் சபையைக் கலைத்தான். தேர்தலில் எதிரணி முன்னதைவிடப் பெருகி வந்தது. இப்படி உள்ளூரில் காலடி மண் சரிந்துகொண்டிருந்தபோது அவன் நம்பியது கடலுக்கு அப்பாலிருந்து வரப்போகும் ஒரு வெற்றியை. அல்ஜியர்ஸோடு இருந்த பகையின் வேர் ஒரு கோதுமைக் கடன். புரட்சிப் போர்க் காலத்தில் அல்ஜியர்ஸிலிருந்து வந்த கோதுமைக்கு பிரான்ஸ் முறையாகப் பணம் கட்டவில்லை. அந்தக் கடனைப் பற்றிய வாக்குவாதத்தில் அல்ஜியர்ஸ் ஆட்சியாளன் 1827இல் பிரெஞ்சுத் தூதரை விசிறியால் அடித்தான். மூன்று ஆண்டு கழித்து அந்த அவமானத்தைத் துடைக்கப்போவதாகச் சொல்லி மன்னன் படை அனுப்பினான். 1830 ஜூலை 5ஆம் திகதி அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. சரியாக 20 நாள் கழித்து அவன் நான்கு ஆணைகளில் கையெழுத்திட்டான். பத்திரிகைச் சுதந்திரம் நிறுத்தப்பட்டது, புதிதாகத் தெரிவான சபை கூடுமுன்பே கலைக்கப்பட்டது, வாக்காளர் தொகை வெட்டப்பட்டது, வெட்டிய பட்டியலோடு மறுதேர்தல் அறிவிக்கப்பட்டது. வெளியே வென்ற படை உள்ளேயும் தன்னைக் காக்கும் என்று நினைத்துவிட்டான். அச்சுத் தொழிலாளர் முதலில் தெருவுக்கு இறங்கினார்கள். 27, 28, 29 மூன்று நாளும் தெருக்கல்லைப் பெயர்த்து அரண் கட்டிச் சண்டை பிடித்தார்கள். மன்னன் இங்கிலாந்துக்குப் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். வங்கிக்காரரும் செல்வந்தரும் கூடி, அதே குலத்தின் இளைய கிளையிலிருந்து லூயி பிலிப் என்பவனைக் கூட்டிவந்து ஓகஸ்ட் 9ஆம் திகதி அரசனாக்கினார்கள். மூன்று கோடிக்கு மேற்பட்ட சனம் வாழ்ந்த நாட்டில் வாக்குரிமை இரண்டு லட்சம் பேரைக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டே லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் கூலி கேட்டு எழுந்தபோது அவர்களுக்கு எதிராகப் படை போனது. அல்ஜியர்ஸ் என்ன ஆனது? பிடித்த மன்னன் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை, பிடித்த நகரத்தைப் புதியவன் விடவில்லை. அவனது படை இன்னும் உள்ளே போனது. 1834இல் அந்த மண் பிரான்சின் உடைமை என்று அறிவித்தார்கள். அல்ஜீரியச் சனம் அந்தப் பிடியிலிருந்து வெளியே வர 1962 ஆனது. சுதந்திரத்துக்காகத் தெருவில் செத்த பரிஸ் தொழிலாளியின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் செய்த வேலை இது.

இப்போது கொழும்புக்கு வருவோம். 2022 எழுச்சிக்குக் காரணம் என்ன என்று கேட்டால் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, மின்சாரம் இல்லை என்பார்கள். அவை நோயின் அடையாளங்கள். நோய் வேறு. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு ஒரே வெட்டாகக் குறைக்கப்பட்டது. திறைசேரியின் வருமானம் இடிந்தது. 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் கையில் இருந்த கட்டுகளை அவிழ்த்துவிட்டது. 2021இல் ஒரே இரவில் முடிவெடுத்தது போல இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. முத்தையன்கட்டுக்குக் கீழும் இரணைமடுவுக்குக் கீழும் வயல் செய்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோக விதைப்புக் காலம் வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கையை விரித்தது. இந்த முடிவுகள் ஒவ்வொன்றிலும் ஒரே குணம் இருக்கிறது: முடிவெடுத்தவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் மட்டும் சொல்லும் குற்றச்சாட்டு இது என்று யாரும் நினைக்க வேண்டாம். பொருளாதார வீழ்ச்சிக்குக் கோட்டாபய, மகிந்த, பசில் உள்ளிட்டவர்கள் பொறுப்பு, அவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி இந்த நாட்டின் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

பதில் சொல்லாத அந்த அதிகாரம் எங்கே பழகியது? அதற்கான பதில் இந்த வன்னியில் இருக்கிறது. 2009 மே மாதம் போரை முடித்த பாதுகாப்புச் செயலாளர் என்ற பெயரைச் சொல்லித்தான் 2019 தேர்தலில் கோட்டாபய வாக்குக் கேட்டார். 69 லட்சம் பேர் கொடுத்தார்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பத்தில் எட்டு வாக்கு அவருக்கு எதிரே நின்றவருக்குப் போனது. எங்களுக்குத் தெரிந்திருந்த விசயம் அவர்களுக்கு அப்போது தெரியவில்லை. கேட்டாலும் பதில் வராது என்பதை வன்னி முன்னமே அனுபவித்திருந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தார்கள். கொழும்புக் காலிமுகத்திடலில் முதல் போராட்டக் கூடாரம் எழுந்தது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. 2018 ஓகஸ்டில் இதே நாயாற்றில் எங்கள் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு பிக்குவின் உடலை எரிக்க வேண்டாம், வேறிடத்தில் எரியுங்கள் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை கிடக்க, உடல் அங்கேயே எரிந்தது. ஒரு மாவட்டத்தில் நீதிமன்றக் கட்டளையை மீறுவது வழக்கமாகிவிட்டால், அந்தப் பழக்கம் மாவட்ட எல்லையோடு நிற்குமா? வரி, உரம், கடன் என்று அது கொழும்புக்கும் வந்து சேர்ந்தது.

எழுச்சி நடந்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் கோட்டாபயவின் வீட்டு வாசலில் கூட்டம். ஏப்ரல் 9 காலிமுகத்திடல். ஏப்ரல் 19 ரம்புக்கனையில் பொலிஸ் சூடு, ஓர் உயிர் போனது. மே 9 ஆளும் கட்சியின் ஆட்கள் பொல்லுகளோடு வந்து கூடாரங்களை உடைத்தார்கள்; அன்றே பிரதமர் மகிந்த பதவி விலகினார். ஜூலை 9 மாளிகை சனத்தின் கைக்கு வந்தது. 13இல் கோட்டாபய மாலைதீவுக்குப் போனார், அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதம் வந்தது. இதுவரை எல்லாம் பெருமைக்குரியது. ஆனால் 20ஆம் திகதி, 1830 ஓகஸ்டில் பரிஸ் செய்ததையே கொழும்பு செய்தது. போனவரின் கட்சி பெரும்பான்மையாக இருந்த அதே பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது. இரண்டு நாள் கழித்து, 22ஆம் திகதி விடியுமுன், படையினர் காலிமுகத்திடலுக்குள் புகுந்து போராட்டக்காரரை அடித்தார்கள். அடுத்த மாதம் மாணவர் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார்கள். அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் படகோடு கடலுக்குப் போகிறவன், எழுச்சியின் விலையை இரண்டாந்தரம் கட்டினான்.

தெற்கில் எழுச்சியை நேசிக்கும் நல்ல மனிதர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். முதலில் பாண், பிறகு மற்றவை. காணி, படைமுகாம், இனப்பிரச்சினை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்தால் ஒற்றுமை உடையும் என்கிறார்கள். இதை உண்மையான கவலையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதிலையும் பிரான்சே எழுதி வைத்திருக்கிறது. 1848 பெப்ரவரியில் லூயி பிலிப்பும் விரட்டப்பட்டான், குடியரசு வந்தது. நான்கு மாதம் கழித்து, ஜூன் 23இல், வேலை கேட்டுப் பரிஸ் தொழிலாளர் மறுபடி அரண் கட்டினார்கள். அவர்களை நான்கு நாளில் நசுக்கிய தளபதி கவெஞ்ஞாக். அவன் அல்ஜீரியாவில் போர் பழகியவன். அங்கே ஆளுநராக இருந்துவிட்டு வந்தவன். அவனோடு நின்ற தளபதிகளும் அல்ஜீரியாவில் பயின்றவர்கள்தான். அடுத்தவன் மண்ணில் விட்டுவைத்த படை தன் தெருவுக்குத் திரும்பி வந்தது. காலிமுகத்திடலில் 2022 ஜூலை 22ஆம் திகதி விடியுமுன் நடந்தது வேறென்ன? மாணவர் தலைவர்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்த சட்டம் 1979இல் தற்காலிகமானது என்று சொல்லித் தமிழருக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட சட்டம். பாண் வேறு, முகாம் வேறு என்று பிரிக்க முடியாது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. போர் முடிந்து 13 ஆண்டு கழிந்தும் அங்கீகரிக்கப்பட்ட இராணுவத் தொகை இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்ததை, அதைக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தபோது அரசே ஒப்புக்கொண்டது. அந்தப் படைக்குச் சம்பளமும் சாப்பாடும் எரிபொருளும் கட்டிய நாடுதான் பால்மாவுக்கு டொலர் இல்லை என்றது.

எங்களுக்குள்ளேயே சிலர் வேறொன்று சொல்கிறார்கள்: அவர்கள் ஏற்றிய அரசன், அவர்களே இறக்கினார்கள், எங்களுக்கு என்ன? இந்தக் கசப்புக்கு நியாயம் உண்டு. அதை ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனாலும் 2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலை நினைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். தலைநகரின் நடுவில், ஜனாதிபதி செயலகத்தின் வாசலில். ஒரு பகுதிச் சிங்கள இளைஞர்களாவது எங்கள் துயரத்தைத் தங்கள் போராட்டத்துக்குள் எடுத்துக்கொண்ட நாள் அது. அந்தக் கதவை நாங்களே சாத்தக் கூடாது. அதே நேரம், அதற்கு ஒரு மாதம்கூட ஆகுமுன், ஜூன் 12ஆம் திகதி குருந்தூர்மலையில் புத்தர் சிலை வைக்க முயன்றபோது தடுத்து நின்றது எங்கள் சனம் மட்டுமே. குருந்தூர்மலை வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதவான் 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியைத் துறந்து நாட்டை விட்டுப் போனார். திடலில் குடித்த கஞ்சியும் குருந்தூர்மலையும் ஒரே நாட்டில் ஒரு மாத இடைவெளிக்குள் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குத்தான் வேலை எங்கே பாக்கி கிடக்கிறது என்று தெரியும். பருவத்துக்குத் தெற்கிலிருந்து இந்தக் கரைக்கு வரும் கடற்றொழிலாளியைப் பற்றியும் இதையே சொல்வேன். அவனும் ஏழை, 2022இல் அவனுக்கும் மண்ணெண்ணெய் 340 ரூபாவாகத்தான் ஏறியது. எங்கள் வழக்கு, யாருக்கு அனுமதி, எந்தத் தொழிலுக்கு அனுமதி, சட்டவிரோத வலையை யார் தடுப்பது என்று தீர்க்க வேண்டிய அரசோடு.

கடைசியாக, 2024இல் வாக்குச்சீட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டதே என்கிறார்கள். புதிய கூட்டணி 159 ஆசனம் எடுத்தது. வன்னி மாவட்டத்திலும் முன்னுக்கு வந்தது. எங்கள் சனம் கொடுத்த அந்த வாக்கு பெரிய நம்பிக்கை. நிறைவேற்று ஜனாதிபதி முறையையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நீக்குவோம் என்று சொல்லித்தான் அதைக் கேட்டார்கள். ஆனால் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி ஒன்று வந்தது. முல்லைத்தீவும் உட்பட வடக்கின் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி ஆகும் என்றது. போரில் உறுதி எரிந்தவன், கடல் கடந்து அகதியானவன், வீட்டுத்தலைவனைக் காணாமல் தேடும் தாய், இவர்கள் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவார்கள்? எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போனது, உயர் நீதிமன்றம் தடுத்தது, ஜூன் முடிவில் வர்த்தமானி விலக்கப்பட்டது. கேப்பாப்பிலவில் 2017இல் ஒரு மாதம் இரவு பகலாகப் படைமுகாம் வாசலில் கிடந்த சனம் பிலக்குடியிருப்புக் காணியை மீட்டதும் இதே வழியில்தான். ஆட்சி மாறியதால் எதுவும் தானாகத் திரும்பி வரவில்லை. கேட்ட இடத்தில், கேட்டுக்கொண்டே இருந்த இடத்தில் வந்தது.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது இவை. இந்த மாவட்டத்தில் படையும் வனத் திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் வைத்திருக்கும் ஒவ்வொரு ஏக்கரையும் கிராம அலுவலர் பிரிவு வாரியாகப் பட்டியல் போட்டுப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். நாயாறு முதல் கொக்கிளாய் வரை தொழில் அனுமதி யார் யாருக்கு என்ற விவரம் ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்தின் கையிலும் இருக்க வேண்டும். நீதிமன்றக் கட்டளையை மீறியவர்கள் எந்த உடை உடுத்தியிருந்தாலும் அதே நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட வேண்டும். 1979ஆம் ஆண்டுச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வராமல் ஒழிய வேண்டும். தெற்கில் 2022இல் தெருவுக்கு வந்த தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: இந்த நான்கையும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எங்கள் பெயரில் எழுதாதீர்கள், உங்கள் பெயரில் எழுதுங்கள்.