நான் கண்ட உணவுச்சாலைகள்

நல்ல உணவுச்சாலைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டபோது முதலில் எனக்கு நகைப்பே உண்டாயிற்று. நான் எழுவைதீவிற் பிறந்தவன். காலாற நடந்து ஒரு காலைப்பொழுதிலே சுற்றிவிடக்கூடிய சிறு தீவு அது. பனையும் கடலும் அங்கே உண்டு. நான் வளர்ந்த காலத்தில் உணவுச்சாலை என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் அங்கு இருந்ததில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளமேறி வருகின்ற ஒருவனுக்குப் பசித்தால், எந்த வீட்டுப் படலையையும் திறந்துகொண்டு போகலாம். யாழ்ப்பாணப் பட்டினத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது காசு கொடுத்துச் சோறு தின்கிற ஊர்" என்று என் அப்பாச்சி சொல்வார். அந்தச் சொல்லில் இரக்கமும் கலந்திருந்தது. சிறிது ஏளனமும் கலந்திருந்தது.

ஆனால் வியப்பைப் பாருங்கள். தம் ஊரிலே சோற்றை விலைக்கு விற்றறியாத இத்தீவக மக்கள்தாம் இலங்கையின் நகரங்கள் பலவற்றிலே உணவுக்கடை வைத்து வாழ்ந்தார்கள். புங்குடுதீவார், வேலணையார், காரைநகரார் என்று சொன்னாலே கடை நினைவுக்கு வருமளவுக்கு அத்தொழில் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. காரணம் தெளிவானது. நிலம் குறுகியது, கிணற்று நீரிலே உவர் ஏறியிருந்தது, மழையை நம்பி விதைத்த நெல் ஆண்டு முழுவதற்கும் போதாது. ஆகவே மீசை அரும்புமுன்பே பையன்கள் உறவினர் ஒருவரின் கடையைத் தேடித் தென்னிலங்கைக்கு இரயிலேறினார்கள். அவ்வாறு போனவர்களுள் என் தந்தையாரும் ஒருவர்.

அவர் வேலைசெய்த சைவக்கடையைப் பள்ளி விடுமுறைகளிலே நான் கண்டிருக்கிறேன். முன்புறத்திலே வடையும் மோதகமும் அடுக்கிய கண்ணாடி அலுமாரி. அதன்மேல் வாழைக்குலை தொங்கும். வாயிலருகே முதலாளி இருக்கும் பட்டறை. பின்புறத்தில் விறகடுப்பு. மேல்மாடியிலே வேலையாட்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். வாடகையில்லை, சாப்பாட்டுக்குக் காசில்லை, ஊர்க் கோயிற் கொடியேற்றத்துக்கு லீவு உண்டு. அப்பா அடுப்படியில் தேங்காய் துருவத் தொடங்கினார், பின்னர் பரிமாறுபவரானார், முடிவிலே பட்டறையில் இருந்தார். கடைக்கு வந்தவர்களிற் பெரும்பாலார் சிங்களவர். "சைவர் கடே" என்றே அவர்கள் அதனை அழைத்தார்கள். பஸ் சாரதிகளும் பள்ளி ஆசிரியர்களும் கச்சேரி எழுதுவினைஞர்களும் காலையிலே இடியப்பத்துக்கும் சொதிக்கும் வருவார்கள். மாதக் கணக்குக்காரர் பலர். அவர்களின் பெயரெல்லாம் நீலமட்டைக் கடன் கொப்பி ஒன்றிலே அப்பாவின் கையெழுத்தில் இருக்கும். அதனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். பெரியகடைப் பகுதியில் மலாயன் கபே என்று ஒன்று இருப்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். பெயரைக் கேட்டவுடனேயே கோலாலம்பூரில் இரயில்வே எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறி, குடையும் கைத்தடியுமாக ஊர் திரும்பிய மலாயன் பென்சனியர்கள் என் மனக்கண்ணிலே தோன்றுவார்கள். பளிங்குக்கல் பதித்த மேசை, வாழையிலை, கேட்டபோதெல்லாம் வருகின்ற சாம்பார். உண்டபின் இலையை மடித்துச் சுவரிலுள்ள திறப்பு வழியே நாமே தள்ளிவிட வேண்டும். எச்சிலிலை எடுக்கும் தொழில் ஒருவனுடைய தலையிலே விழாதபடி செய்யப்பட்ட அந்தச் சிறு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். சாம்பாரைவிட அதற்காகவே நான் அங்கு போவதுண்டு என்றாலும் பொய்யாகாது. நல்லூருக்குப் போகிறவர்கள் ரியோவிலே ஐஸ்கிறீம் உண்ணாமல் திரும்புவதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வேறு வழியுமில்லை.

நயினாதீவிலே காசு வாங்காத உணவுச்சாலை ஒன்று இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்தைச் சொல்கிறேன். அமுதசுரபி என்பது அதன் பெயர். மணிமேகலை அட்சயபாத்திரம் பெற்ற மணிபல்லவம் இந்நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர். அதனை மறுப்போரும் உளர். அந்த வழக்கு எவ்வாறு முடிந்தாலும், ஆனி மாதத் திருவிழாக் காலத்திலே கடல்கடந்து வரும் அடியார் கூட்டம் அங்கே பந்தி பந்தியாக அமர்ந்து உண்ணுவதைப் பார்த்தவருக்குப் பெயர் பொருந்தவில்லை என்று சொல்ல மனம் வராது. குறிகட்டுவான் துறையிலே படகுக்கு வெயிலில் நின்றபின் உண்ணும் அந்தச் சோற்றின் சுவைக்குப் பசியும் ஒரு பங்கு காரணம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் உலகெங்கும் சிதறினார்கள். சிதறிய இடமெல்லாம் சமையலறையிலேதான் முதலிற் கால்வைத்தார்கள். பாரிஸ் நகரத்து உணவுச்சாலைகளிலே கோப்பை கழுவியே வாழ்வைத் தொடங்கிய இளைஞர் எத்தனையோ பேர். இன்று அந்நகரின் வடக்கு இரயில் நிலையத்துக்கு அண்மையில் லாச்சப்பல் என்னும் பகுதிக்குச் சென்றால், தோசைக்கடையும் கொத்துறொட்டிக் கடையும் நகைக்கடையும் தமிழ்ப் பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவிலே பாபு என்னும் கடை பெயர்பெற்றது. அங்கே பெரும்பாலும் வாங்கிக்கொண்டு போவதுதான். மட்டன் றோல்ஸ், இடியப்பப் பொதி, பிட்டு. வேலைக்களைப்போடு வரிசையில் நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தபோது, பிட்டவிக்க நேரமில்லாத வாழ்க்கைக்கு ஊர் இவ்வளவேனும் உதவுகிறதே என்று எண்ணிக்கொண்டேன். பிட்டு சற்றே உலர்ந்திருந்தது. அதனையும் சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோவிலே என் தங்கையின் மகன் இருக்கிறான். அமெரிக்காவுக்கு என்னைக் காரில் அழைத்துச் சென்றவன் அவனே. அங்கே எந்தக் கடையிலே எந்த பர்கர் சிறந்தது என்பதிலே அவனுக்கு நம் சமய வாதிகளுக்கு உள்ள உறுதி உண்டு. வழி முழுவதும் எனக்கு அந்தச் சாத்திரத்தைப் போதித்தான். அரைத்த மாட்டிறைச்சியைத் தட்டிச் சுட்டு, நம்மூரில் பணிஸ் என்று சொல்வோமே, அத்தகைய வட்ட ரொட்டியின் நடுவே வைப்பதுதான் ஹம்பர்கர். ஜெர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்தின் பெயர் அதற்கு வந்து சேர்ந்தது. 1921இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிலே வைற் காசில் என்னும் கடை அதனை 5 சதத்துக்கு விற்கத் தொடங்கியது. 1940இல் கலிபோர்னியாவில் கடை திறந்த மக்டொனால்ட் சகோதரர்கள், 1948இல் பரிமாறுவோரை நீக்கி, பண்டங்களையும் குறைத்து, ஆலையிலே பொருள் செய்வதுபோல விரைவாகச் செய்யும் முறையை ஏற்படுத்தினார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சுவை என்பதே அதன் பெருமை. அது குறையாகவே எனக்குத் தோன்றியது, மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை.

நியூயோர்க்கிலே வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரமாக, தள்ளுவண்டியிலே தோசை சுட்டுப் பெயர்பெற்றவர் திருக்குமார் என்னும் இலங்கைத் தமிழர். அந்நகரத் தெருக்கடைக்காரர்களுக்கென நடக்கும் போட்டியிலே 2007ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றவரும் அவரே. பல்கலைக்கழக மாணவர்கள் குளிரிலே வரிசையாக நின்று அத்தோசையை வாங்கி உண்டார்கள். நெய்யுமில்லை, பாலுமில்லை. முற்றும் மரக்கறி. நம் சைவக்கடைகளின் வமிசம் அந்தத் தள்ளுவண்டி வரைக்கும் நீண்டிருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன்.

பின்னர் கனெற்றிகட் மாநிலத்து நியூ ஹேவன் என்னும் ஊருக்குப் போனோம். லூயிஸ் லஞ்ச் என்பது கடையின் பெயர். 1895இலே தொடங்கியது. 1900ஆம் ஆண்டிலே அவசரமாக வந்த ஒருவனுக்கு இறைச்சியை ரொட்டித் துண்டுகளின் நடுவே வைத்துக் கொடுத்ததே ஹம்பர்கரின் பிறப்பு என்று அக்கடையார் சொல்கின்றனர். வேறு ஊர்களும் அந்தப் பெருமையைக் கோருகின்றன. செங்கல்லாலான சிறு கட்டடம், உள்ளே இருட்டு, மரப்பலகை இருக்கைகளிலே நூறாண்டு மனிதர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இறைச்சியை நிறுத்தி வைத்துச் சுடும் பழைய வாயு அடுப்புகளே இன்னும் எரிகின்றன. வட்ட ரொட்டி அங்கே கிடையாது. வாட்டிய பாண் துண்டுகள்தாம். பாற்கட்டி, வெங்காயம், தக்காளி வேண்டுமானால் கேட்கலாம். தக்காளிக் குழம்பு கேட்டால் தரமாட்டார்கள். என் அப்பாவின் முதலாளியும் இப்படித்தான். சாம்பாரிலே சீனி கேட்ட ஒருவரை வேறு கடைக்குப் போகச் சொன்னவர் அவர்.

நேயர்களே, பர்கரைப் பற்றிப் பேச வந்தவன் பர்கரை உண்ணவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. மாட்டிறைச்சி என் நாவுக்குப் பழக்கமில்லை. மருமகன் இரண்டை உண்டான். நான் உருளைக்கிழங்குச் சலாதும் ஒரு துண்டுப் பழப்பணியாரமும் உண்டேன். ஆகவே சுவையைப் பற்றிய தீர்ப்பை அவனிடமே விட்டுவிடுகிறேன். என்னைப் பிடித்துக்கொண்டது சுவர். முன்பு இக்கடை வேறொரு தெருவில் இருந்ததாம். நகரச் சீரமைப்புக்காக அதனை இடிக்கவேண்டி வந்தபோது ஊரார் விடவில்லை. 1975இலே கட்டடத்தைப் பெயர்த்து, சக்கரங்களில் ஏற்றி, இப்போதுள்ள தெருவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். குறைந்த சுவருக்குப் பல இடங்களிலிருந்தும் மக்கள் செங்கல் அனுப்பினார்களாம்.

அந்தச் செங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் கடை நினைவு வந்தது. 1958இலே அதன் கண்ணாடி அலுமாரி உடைந்தது. புதிதாகச் செய்து வைத்தார்கள். 1977இலே சில வாரம் பூட்டிக் கிடந்தது, மீண்டும் திறந்தார்கள். 1983 ஆடியிலே அடுப்படி முதல் மேல்மாடி வரை எரிந்தது. அப்பாவைப் பின்வாயில் வழியே அழைத்துச் சென்று இரண்டு இரவு தம் வீட்டில் வைத்திருந்தவர் இடியப்பத்துக்கு வருகின்ற பஸ் சாரதி ஒருவர். பின்னர் அகதிமுகாம், கப்பல், காங்கேசன்துறை. எழுவைதீவுத் துறையிலே வந்திறங்கியபோது அப்பாவின் சேட்டுக்குள்ளே அந்த நீலமட்டைக் கொப்பி இருந்தது. அதை எதற்காகக் கொண்டுவந்தார் என்று அம்மா கேட்டார். பட்டறையிலே கைக்கு எட்டியது அதுதான் என்றார்.

அப்பா அதன்பிறகு எந்தக் கடைக்கும் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலே கூழ் காய்ச்சுவதைத் தம் பொறுப்பாக்கிக்கொண்டார். ஒடியல் மாவை ஊறவைத்துக் கைப்பு நீங்கப் பிழிந்து, மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேர்த்து அவர் காய்ச்சும் கூழைப் பனையோலைப் பிளாவிலே குடிக்க அயலார் எல்லாம் வருவர். பரிமாறும்போது மாத்திரம் பழைய சைவக்கடைக்காரர் ஆகிவிடுவார், தோளிலே துண்டு, "இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்னும் குரல். சைவக்கடைக்காரர் நண்டுக்கூழ் ஊற்றுகிறாரே என்று அம்மா சிரிப்பார்.

1984ஆம் ஆண்டிலே ஒருநாள் தபாற்காரர் ஒரு மணியோடரைக் கொண்டுவந்தார். அப்பாவின் பெயரும் எழுவைதீவு என்ற ஊர்ப்பெயரும் மாத்திரமே முகவரி. சிறிய தீவுக்கு அது போதும். அனுப்பியவர் அந்தத் தென்னிலங்கைப் பட்டினத்து ஆசிரியர் ஒருவர். தொகை 38 ரூபா. ஆடி மாதத்துக் கணக்கு என்று ஆங்கிலத்திலே ஒரு வரி எழுதியிருந்தார். அப்பா கொப்பியை எடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணக்கைச் சரிபார்த்தார். 36 ரூபாதான் வரவேண்டியது. இரண்டு ரூபாவைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெயருக்கு எதிரே கோடு கிழித்தார்.

போன ஆண்டு மருமகன் ஊருக்கு வந்தபோது அந்தக் கொப்பியை அவனுக்குக் காட்டினேன். தமிழ் வாசிக்க அவனுக்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இவர்களெல்லாரும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டான். இடியப்பம், தோசை, உழுந்துவடை, தேத்தண்ணீர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறதே என்று காட்டினேன்.