பதினாறாம் நாளுக்குப் பிறகு

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துக்க வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறோம். தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பத்துக்கோ, உண்மையான தனிமை அதன்பிறகுதான் தொடங்குகிறது. குற்றவுணர்வும் ஊர்வம்பும் சேர்ந்து அழுத்த, அவர்களுக்கே தற்கொலை அபாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 'அதைப் பற்றிப் பேசினால் எண்ணத்தைத் தூண்டிவிடாதா?' என்று சிலர் தயங்கலாம். அக்கறையோடு கேட்பது தூண்டாது, மனப்பாரத்தைக் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயிரை மாய்க்க முயன்றவரைக்கூடக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிப் பராமரிக்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அப்படியிருக்க, எஞ்சியிருப்பவர்களை ஊர் ஏன் ஒதுக்க வேண்டும்?

சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சினேகா'வின் தொண்டர்கள் செய்வதும் காதுகொடுத்துக் கேட்பதுதான். ஆலோசனைக்கு 14416 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. ஆனால் ஒருவேளைச் சோறும், 'ஏன்' என்று துருவாத துணையும் அண்டை வீட்டார்தான் தர முடியும். இரண்டாம் மாதமும் ஒரு நடை போய் வாருங்கள்.