மின்சாரத்திற்கும் ஒரு தொட்டி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டு தெளிவாகவே கேட்டது. ஆயினும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஓங்கி ஒலித்தபோதெல்லாம் ஒலிபெருக்கி கம்மிப் போயிற்று. புதிதாகப் பெரிய கருவி வாங்க வேண்டும் என்றனர் சிலர். பழையதைத் திறந்து சோதித்தோம். குறை அதன் ஆற்றலில் இல்லை. மின்தேக்கியில், அதாவது கடைத்தெருவில் கண்டென்சர் என வழங்கும் உறுப்பில் இருந்தது.

இதற்கு உவமை நாம் வாழும் புனே நகரிலேயே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் நானாசாகிப் பேஷ்வா, காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் அமைத்து நகருக்கு நீர் கொணர்ந்தார். அந்நீர் ‘ஹௌத்’ எனப்படும் தொட்டிகளில் நிறைந்தது. காலையில் பேட்டை மக்கள் ஒருங்கே குடம் ஏந்தி வந்தாலும், ஈடுகொடுத்தது தொட்டியே அன்றிக் கால்வாய் அன்று.

மின்தேக்கியின் தொழிலும் இதுவே. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுடையது. அதை நேர் மின்னோட்டமாக மாற்றுகையில் நொடிக்கு 100 முறை எழுந்து தாழ்கிறது. எழும்போது நிரம்பி, தாழும்போது வழங்குவது தேக்கி. ஓர் அடிக்கு, நொடியில் 200இல் ஒரு பங்கு நேரம் 4 ஆம்பியர் வேண்டும் எனக் கொள்வோம். 10,000 மைக்ரோஃபாரட் தேக்கி தனித்து நின்று அதனைத் தந்தால் அழுத்தம் 2 வோல்ட் குறையும். 1,000 மைக்ரோஃபாரட் ஆயின் 20 வோல்ட் குறையும். ஒலி கம்மாமல் என்ன செய்யும்? எங்கள் தேக்கியோ பல்லாண்டு வெப்பத்தால் உள்ளே உலர்ந்து, கொள்ளளவை இழந்திருந்தது.

ஒன்று மறவற்க: ஏரி வற்றினால் தொட்டி எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. அவ்வாறே, சராசரித் தேவைக்கே போதாத மின்வழங்கியைத் தேக்கி காப்பாற்றாது; கணநேர உச்சத்தையே அது தாங்கும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தகுந்த மின்தடையின் வழியே அதனை வடித்து, அளவுமானியால் சோதித்த பின்னரே தொட வேண்டும். புதியதைப் பொருத்துகையில் நேர்முனை, எதிர்முனை மாறலாகாது. மாறினால் அது வெடிக்கவும் கூடும்.

புதிய தேக்கி பொருத்தியாயிற்று. கருவிக்கென ஒதுக்கிய பணம், நம் குழந்தைகளின் தமிழ் வகுப்பிற்கு நூல்களாக வந்து சேர்ந்துள்ளது. இன்று மாலை மிருதங்கம் முழங்கும்போது, தீர்ப்பை உங்கள் செவிகளே வழங்கட்டும்.