தொழில்நுட்பக் கையேடுகளைப் பேணும் முறை



கோடை தொடங்கிவிட்டால் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். ஆழ்துளைக் கிணற்றின் வாயருகே நாலைந்து பேர் நின்று, நீர்மூழ்கிப் பம்பைக் குழாயோடு பிணைத்து, பல நூறு அடி ஆழத்துக்கு மெல்ல இறக்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் திறந்து கிடக்கும் பெட்டியில் சிறு கையேடு ஒன்று இருக்கும். நீர் நிரப்பும் வகை மோட்டாராயின், இறக்குவதற்கு முன் அதனுள் தூய நீரை நிரப்பவேண்டும் என்று அந்தக் கையேடு சொல்லும். எண்ணெய் நிரப்பி மூடிய வகையாயின் அவ்வாறு செய்ய வேண்டுவதில்லை. இவ்விரு கையேடுகளும் பெட்டி மாறிப் போனால் என்ன ஆகும்? நீர் நிரப்பாமல் இறக்கிய மோட்டார் பழுதாகும். அதனை மேலே எடுக்க மீண்டும் ஆள் வேண்டும், மீண்டும் பணம் வேண்டும். அதற்குள் வாடிய பயிர் வாடியதுதான். கையேட்டில் ஒரு வாக்கியம் தவறினால் தோட்டத்தில் ஒரு வெள்ளாமை தவறக்கூடும்.

இத்தகைய கையேடுகளைப் பிழையின்றிப் பேணுவதற்கென்று இக்காலத்தில் கணினியில் இயங்கும் கருவிகள் பல வந்துள்ளன. அவற்றை உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் என்கிறோம். அவற்றுள் நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். உங்களுள் பலர் நாளை பொறியாளராகவோ, வேளாண் அறிஞராகவோ, மருந்தாளுநராகவோ பணியாற்றப் போகிறீர்கள். எந்தத் தொழிலில் இருந்தாலும் பிறர் படித்துச் செயல்படுவதற்காக எழுதும் பொறுப்பு உங்களுக்கு வந்து சேரும். ஆகவே இது உங்களுக்குப் புறம்பான செய்தி அன்று.

1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். அந்த வழியில் வளர்ந்த பம்புத் தொழில் இன்று கோவைக்குப் பெரும் புகழ் தந்துள்ளது. இங்கே வார்த்து, கடைந்து, கம்பி சுற்றிய பம்புகள் நாட்டின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன.

ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். அது 40 வகைப் பம்புகளைச் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய 5 மொழிகளில் கையேடு வேண்டும். ஆக 200 கையேடுகள். இவை அனைத்திலும், மோட்டாரை நிலத்தோடு இணைக்கும் எர்த் கம்பியைப் பற்றிய எச்சரிக்கை உண்டு. ஒருநாள் அந்த எச்சரிக்கையைத் திருத்தவேண்டி வருகிறது. நீர்மூழ்கிப் பம்புக்கான இந்தியத் தர நிர்ணயம் 8034இல் ஏதேனும் ஒரு விதி மாறியிருக்கலாம். அப்போது 200 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தவேண்டும். எத்துணைக் கவனமுள்ள எழுத்தராயினும் மூன்று நான்கையேனும் விட்டுவிடுவார். விடுபட்ட கையேடு எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் என்பதை யாரும் அறியார்.

இந்தத் தொல்லை கணினியோடு பிறந்ததன்று. தி. சு. அவினாசிலிங்கம் முன்னின்று 1946ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், கொங்கு நாட்டவரான பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. முதல் தொகுதி 1954ஆம் ஆண்டிலும், பத்தாம் தொகுதி 1968ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அது தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். எனினும் அச்சு ஏட்டுக்கென்று ஓர் எல்லை உண்டு. 1957ஆம் ஆண்டில் முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிய செய்தியை 1954ஆம் ஆண்டின் தொகுதிக்குள் எவ்வாறு புகுத்துவது? புதியதைச் சேர்க்கப் பின்னால் வேறொரு தொகுதிதான் வேண்டும். முதல் தொகுதியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அந்தச் சேர்க்கை கண்ணில் படாது.

இனி, இந்த அமைப்புகள் அதனை எவ்வாறு தீர்க்கின்றன என்று பார்ப்போம். கையேட்டை ஒரே நீண்ட ஏடாக வைக்காமல், தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைக்கின்றன. எர்த் இணைப்பு ஒரு பகுதி. கேபிளை இணைக்கும் முறை ஒரு பகுதி. நீர் நிரப்பும் முறை ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடையாள எண் உண்டு. கையேடு என்பது, எந்தெந்தப் பகுதி எந்த வரிசையில் வரவேண்டும் என்னும் பட்டியலே. பகுதியை ஓரிடத்தில் திருத்திவிட்டால், அதனைப் பயன்படுத்தும் கையேடுகள் அனைத்தும் அடுத்த முறை உருவாகும்போது திருத்தத்தோடு வரும். மொழிபெயர்ப்பாளரும் மாறிய பகுதியை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். இம்முறையில் எழுதுவதற்கு ஐ.பி.எம். நிறுவனம் வகுத்த டிட்டா என்னும் இலக்கணம், 2005ஆம் ஆண்டில் ஓயாசிஸ் அமைப்பினால் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

அடையாள எண்ணின் அருமையைக் கோவை நன்கு அறியும். 1912ஆம் ஆண்டில் இங்கே அமைந்த கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1918ஆம் ஆண்டில் வெளியிட்ட கலப்பினக் கரும்பு 'கோ 205' என்று பெயர் பெற்றது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். இன்று தமிழ்நாட்டு உழவர் 'கோ 86032' என்றால், அது எந்தக் கரும்பு என்பதில் வடநாட்டு ஆலைக்காரருக்கும் ஐயம் எழாது. கையேட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அத்தகைய ஐயமற்ற பெயர் வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே கருவி பொருந்துமா எனில், பொருந்தாது. மூன்றே வகை மாவரைக்கும் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறைக்குப் பெரிய அமைப்பு வேண்டுவதில்லை. தேதியும் பதிப்பு எண்ணும் இட்ட ஒழுங்கான கோப்புகளே போதும். பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் பொது அறிவுத் தொகுப்புக்கு, விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி போன்றது ஏற்றது. 2003ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா அதற்குச் சான்று. அறிவிப்புகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் இடுவதற்கு வேர்ட்பிரஸ், துருபல் போன்றவை உதவும். மென்பொருள் எழுதுவோர் 2005ஆம் ஆண்டில் தோன்றிய கிட் என்னும் பதிப்புக் காப்புக் கருவியில் எளிய உரைக் கோப்புகளை வைத்துக்கொள்கின்றனர். நாம் கற்பனை செய்த தொழிற்சாலைக்கோ, பகுதிகளாகப் பேணும் அமைப்பு தேவைப்படும். ஆகவே முதற் கேள்வி, எது சிறந்த கருவி என்பதன்று. நம் பணி யாது என்பதே.

பணி தெளிவானபின் கருவியைச் சோதிக்கவேண்டும். ஐந்து சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்துகிறதா? அத்தோடு, ஒரு பகுதியைத் திருத்துமுன் அது எந்தெந்தக் கையேடுகளில் உள்ளது என்று கருவி காட்டவேண்டும். இல்லையேல் ஒரு வகைக்காகச் செய்த திருத்தம் வேறொரு வகையின் கையேட்டைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, வேறுபாட்டைக் கையாள்கிறதா? நீர் நிரப்பும் வகைக்குரிய வாக்கியம் எண்ணெய் வகைக்குப் போகாமல் தடுக்கவேண்டும். ஒருமுனை மின்சாரத்துக்குரிய படம் மும்முனை மோட்டாரின் கையேட்டில் வரலாகாது.

மூன்றாவது, பழமையை முறையாகக் காக்கிறதா? இங்கே நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய பம்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் உரிமையாளருக்கு அந்தக் காலத்துக் கையேடுதான் வேண்டும். ஆகவே பழையதை அழித்துவிடக் கூடாது. ஆனால் சில செய்திகளைப் பழையதாகவும் நடமாட விடலாகாது. எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை நாடு முழுவதும் தடை செய்தது. அதுவரை பல பயிர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்து அது. பயிர் வளர்ப்பு நூலிலும், துண்டு வெளியீட்டிலும், இணையப் பக்கத்திலும் இருந்த அந்தப் பரிந்துரை அனைத்தையும் தேடி எடுத்து, 'விலக்கப்பட்டது' என்று குறிக்கவேண்டும் அன்றோ? எது பழையதெனினும் செல்லும், எது செல்லாது என்று பிரித்துக் காட்ட வல்லதே நல்ல அமைப்பு. யார் எழுதினார், யார் ஒப்புதல் தந்தார், எந்த நாளில் மாற்றினார் என்பதும் அதில் பதிவாகவேண்டும்.

நான்காவது, தமிழைத் தமிழாக நடத்துகிறதா? விற்பவர் ஆங்கிலத்தில் செய்து காட்டும்போது எல்லாம் செவ்வனே நடக்கும். நாம் தமிழில் சோதிக்கவேண்டும். 'குழாய்' என்று தேடினால் 'குழாயை', 'குழாயில்', 'குழாயின்' என்று வரும் இடங்களும் கிடைக்கின்றனவா? பொருளடைவு அகர வரிசையில் அமைகிறதா? அச்சுக்கு அனுப்பும்போது கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றனவா? ஒரே பொருளை ஓரிடத்தில் 'விசையியக்கக் குழாய்' என்றும், வேறிடத்தில் 'பம்பு' என்றும் எழுதாமல் காக்கும் சொற்பட்டியல் உண்டா? கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழ் தமிழில் அறிவியல் எழுத இயலும் என்று காட்டியது. அந்த எழுத்தைக் கருவியும் தாங்கவேண்டும்.

ஐந்தாவது, நாம் வெளியேற வழி உண்டா? இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஒருகாலத்தில் தமிழைக் கணினியில் தட்டெழுதியோர் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தினர். ஒவ்வொன்றிலும் எழுத்துக்குரிய குறியெண் வேறு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அரும்பாடுபட்டு எழுதிய நூல் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் இடம் பெற்றிருந்தும், தமிழ்நாட்டு அரசு அதனைத் தரமாக அறிவித்தது 2010ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதியவற்றை மாற்றி மீட்கும் வேலை மிகப் பெரிது. அதே துன்பம் இன்று வேறு உருவில் வரலாம். கருவியை விற்ற நிறுவனம் மூடப்பட்டால், அல்லது ஆண்டுக் கட்டணத்தை நம்மால் தாங்க முடியாமற்போனால், நம் எழுத்து முழுவதையும் படங்களோடும் பதிப்பு வரலாற்றோடும் பொதுவான வடிவத்தில் எடுத்துச்செல்ல முடியுமா? முடியாதெனில், நம் களஞ்சியத்தின் சாவி பிறர் கையில் இருக்கிறது என்று பொருள்.

இச்சோதனைகளைச் செய்வது எப்படி? வெள்ளகோவிலுக்கு அருகில் கண்ணபுரத்தில் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அங்கே காங்கேயம் காளை வாங்கும் உழவர், கொம்பில் பூசிய வண்ணத்தையும் கழுத்துச் சலங்கையையும் கண்டு விலை பேசமாட்டார். சுழி பார்ப்பார், பல் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். நாமும் அவ்வாறே செய்யவேண்டும். விற்பவர் கொண்டுவரும் மாதிரி ஏட்டை ஒதுக்கிவிட்டு, நம்மிடமுள்ள கையேடுகளுள் மிகக் கடினமானதைக் கொடுக்கவேண்டும். படமும் அட்டவணையும் நிறைந்த தமிழ்க் கையேடு அது. அதனை நாள்தோறும் எழுதப்போகிறவர் தாமே உட்கார்ந்து, ஓர் எச்சரிக்கையைத் திருத்தி, இரண்டு வகைகளுக்குக் கையேடு உருவாக்கி, பிறகு அனைத்தையும் வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். விலையைக் கணக்கிடும்போதும் வாங்கும் விலையோடு நில்லாமல், பழைய ஏடுகளை உள்ளே கொண்டுவரும் உழைப்பையும், பயிற்சிக்குச் செலவாகும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

முடிவாக ஒன்று சொல்வேன். தவறான வாக்கியத்தை எந்த அமைப்பும் சரியாக்காது. 200 கையேடுகளிலும் அதே தவற்றை விரைவாகப் பரப்பிவிடும். ஆகவே, வாக்கியத்தை எழுதுகிறவர் ஒருமுறையேனும் கிணற்றடிக்குப் போய், பம்பு இறக்குகிறவரின் அருகில் நின்று பார்க்கவேண்டும். அவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளவில்லை என்று கேட்டுவந்து எழுதவேண்டும். அவ்வாறு எழுதிய சொல் மாறாமலும், மாறவேண்டிய நாளில் தவறாமல் மாறியும் அவரிடம் போய்ச் சேர்வதற்கே கருவி தேவைப்படுகிறது.